துணியில் தொங்கிக்கொண்டே இயற்பியலும் கணக்கும்: சேலத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்து, அது ஏரியல் சில்க்ஸ் கற்க ஆசைப்பட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. கூரையிலிருந்து தொங்கும் நீளத் துணியைக் கை கால்களில் சுற்றிக்கொண்டு ஏறுவதும், தலைகீழாவதும், சுற்றைப் பிரித்துச் சரிந்து இறங்குவதும்தான் சில்க்ஸ். படிப்பு கெட்டுவிடுமோ என்ற கவலை முதலில் எல்லோருக்கும் வரும். என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் புரியத் தொடங்கியதே அந்தத் துணியால்தான். ஆனால் ஆசிரியரைத் தேடுவது, கூரையைப் பார்ப்பது, சாமான் வாங்குவது, பாடத்தோடு பொருத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் நிறைய அலைந்தோம். நீங்கள் அலையாமல் இருக்க, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள், குறிப்பாக முதல் மூன்றையும்.

1. முதலில் ஆசிரியர், அப்புறம்தான் துணி

துணியை ஆன்லைனில் வாங்கிவிட்டு ஆசிரியரைத் தேடுபவர்கள் பலர். அது தலைகீழ் வழி. வீடியோ பார்த்து இந்தக் கலையைக் கற்க முடியாது. எந்தச் சுற்று பூட்டும், எந்தச் சுற்று அவிழும் என்பதை அருகில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சேலத்துக்குள் ஆசிரியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை. கோவையும் பெங்களூரும் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம். வாரம் ஒரு முறை போக முடியாதவர்கள், மாதம் ஒரு சனி ஞாயிறு போய் இரண்டு நாளும் வகுப்பு எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஒரு வகுப்புக்கு 800 முதல் 1,000 ரூபாய் வரை கொடுத்தோம். பயணமும் சாப்பாடும் தனி, அதுதான் பெரிய செலவு.

ஆசிரியரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். துணி எதில் மாட்டியிருக்கிறது, அதை யார் சோதித்தார்கள்? கீழே மெத்தை எவ்வளவு தடிமன்? ஒரு துணிக்கு எத்தனை பிள்ளைகள்? தலைகீழாவதற்கு முன் எத்தனை வாரம் தரைப் பயிற்சி? நான்காவது கேள்விக்கு ‘முதல் நாளே செய்யலாம்’ என்று பதில் வந்தால் அங்கே சேர்க்காதீர்கள். கையை மடக்கித் தொங்கும் வலு வந்த பிறகுதான் தலைகீழ்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் சில்க்ஸ் கிடையாது. சான்றிதழ், இட ஒதுக்கீடு என்ற எண்ணத்தோடு இதில் இறங்க வேண்டாம். அது வேண்டுமென்றால் கயிறு மல்லகம்பத்தை, அதாவது தொங்கும் கயிற்றில் செய்யும் உடற்பயிற்சிக் கலையைப் பாருங்கள். அதற்குப் போட்டிகள் உண்டு. கீழே சொல்லும் பாடங்களில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

2. தாள்கள்

இவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்:

மருத்துவரின் உடற்தகுதிச் சான்று. தோள் விலகல், காதில் கோளாறு, வலிப்பு, கண் அழுத்தம் ஏதாவது இருந்ததா என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ‘விளையாட்டுக்குத் தகுதி’ என்று பொதுவாக எழுதி வாங்காமல், தலைகீழாகத் தொங்கும் பயிற்சி என்று விளக்கிச் சொல்லி வாங்குங்கள்.

பெற்றோர் ஒப்புதல் கடிதம். பயிற்சி நிலையம் கொடுக்கும் படிவத்தை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படம் எடுத்து இணையத்தில் போடும் அனுமதி பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒரு வரியாக இருக்கும். விருப்பமில்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

விபத்துக் காப்பீடு. பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. சில்க்ஸ் அந்த விலக்கில் வருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது பின்னால் உதவாது.

வாடகை வீடாக இருந்தால், கூரையில் மாட்ட வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம். அப்புறம், அடுத்த படியில் வரும் பொறியாளர் கடிதம். இவையெல்லாம் சேர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். காப்பீட்டுப் பதில்தான் கடைசியில் வரும்.

3. எங்கே தொங்கவிடுவது

வீட்டில் தொங்கவிடத்தான் வேண்டும் என்பதில்லை. பயிற்சி நிலையத்திலேயே பழகி, வீட்டில் நோட்டு மட்டும் எழுதினாலும் பாடம் நடக்கும். வீட்டில் வேண்டும் என்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். அது சில கிலோ எடையுள்ள மின்விசிறிக்காகப் போட்டது. ஆடும்போதும் சரியும்போதும் வரும் விசை வேறு. 50 கிலோ எடையுள்ள பிள்ளை 1 மீட்டர் சரிந்து, அடுத்த கால் மீட்டருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் துணி தாங்க வேண்டிய சராசரி விசை எடையைப் போல 5 மடங்கு, அதாவது ஏறத்தாழ 2,450 நியூட்டன். இது சராசரிதான், உச்ச விசை இன்னும் கூடும். வெறுமனே ஊஞ்சல்போல ஆடினாலே போதும்: செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை போய்த் திரும்பினால், அடியைக் கடக்கும் கணத்தில் இழுவிசை எடையைப் போல இரண்டு மடங்கு.

சேலத்தில் இடம் தேடும்போது மூன்று வகைக் கூரைகள் கண்ணில் படும். ஓட்டு வீட்டின் மரச் சட்டம்: வேண்டாம், உள்ளே கறையான் இருப்பது வெளியே தெரியாது. தறிக்கூடம், குடோன்களின் தகரக் கூரை: அந்த இரும்புச் சட்டங்கள் தகடையும் காற்றையும் தாங்கப் போட்டவை, நடுவில் ஓர் ஆள் ஆடுவதற்குப் போட்டவை அல்ல. கான்கிரீட் தளம்: பீம் எங்கே ஓடுகிறது, அதில் கம்பி எப்படிப் போயிருக்கிறது என்று தெரிந்தால் முடியும்.

எதுவானாலும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் வரவழையுங்கள். மேஸ்திரி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இந்தக் கேள்வி அவருக்கானதல்ல. பொறியாளரிடம் ‘பிள்ளை 50 கிலோ’ என்று சொன்னால் 50 கிலோவுக்குத்தான் பார்ப்பார். ‘ஒரே புள்ளியில் ஒரு டன், கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும், திரும்பத் திரும்ப’ என்று கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் கேட்டோம். எந்த பீம், எந்த போல்ட், எவ்வளவு ஆழம் என்று கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். வருகைக்கும் கடிதத்துக்கும் சேர்த்து எங்களுக்கு 4,000 ரூபாய் ஆனது. இந்தச் செலவைக் குறைக்க வழி தேடாதீர்கள்.

வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டாண்ட் அடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். சேலத்தில் நல்ல பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வரைபடம் பொறியாளருடையதாக இருக்கட்டும். ஆடும்போது ஸ்டாண்ட் கவிழாமல் இருக்கக் கால்கள் எவ்வளவு விரிய வேண்டும் என்பது கண்ணால் மதிப்பிடும் விஷயமில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் உயரமாக, நேராக, துணி கட்ட அழைப்பது போலவே இருக்கும். அதன் கிளைகள் எளிதில் முறியும், காற்றடித்தாலே விழும். அதில் மாட்டவே மாட்டாதீர்கள். மூடுபனி நாட்களில் துணி ஈரம் வாங்கி வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. சாமான்களும் செலவும்

துணி: நைலான் டிரைக்காட் என்று கேட்டு வாங்குங்கள். அம்மாப்பேட்டைத் தறியில் அழகான துணி கிடைக்கும்போது இது எதற்கு என்று உறவினர்கள் கேட்பார்கள். நெய்த துணியில் ஓர் இடத்தில் கிழிசல் விழுந்தால் நேராக ஓடும். டிரைக்காட் பின்னல் துணி, அப்படி ஓடாது, கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். கூரை உயரத்தைப் போல இரண்டு மடங்கு, அதோடு ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக வாங்க வேண்டும். நான்கரை மீட்டர் உயரத்துக்கு 10 முதல் 11 மீட்டர். எங்களுக்கு 8,000 ரூபாயை ஒட்டி ஆனது. தொடக்க நிலைக்கு நீட்சி குறைந்த வகையே நல்லது.

இரும்புச் சாமான்: பூட்டுள்ள காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) இரண்டு, ஸ்விவல் (துணி முறுக்கிக்கொள்ளாமல் சுழல விடும் இணைப்பு) ஒன்று, துணியைக் கட்டும் எட்டு வடிவ வளையம் ஒன்று, பட்டைக் கயிறு ஒன்று. எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் ஆனது. சாவிக்கொத்துக்குப் போடும் காரபினர் அதே வடிவத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது உயிர் தாங்காது. உண்மையான காரபினரின் முதுகில் கிலோநியூட்டனில் எண் பொறித்திருக்கும். நீளவாக்கில் 22 என்றால் ஏறத்தாழ 2,240 கிலோ எடைக்குச் சமமான விசையில் அது முறியும். அதே காரபினர் குறுக்குவாக்கில் திரும்பிவிட்டால் 7 என்ற அளவுதான். மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் அது நேராக நிற்கிறதா, பூட்டு திருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பளு தூக்கும் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் வட்டப் பட்டைகளுக்கு நிறக் கணக்கு உண்டு: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன்.

மெத்தை: குறைந்தது 20 சென்டிமீட்டர் தடிமன், நாங்கள் 30 வாங்கினோம், 18,000 ரூபாய். படுக்கை மெத்தையை விரித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆக, வகுப்புக் கட்டணமும் ஸ்டாண்டும் சேர்க்காமல் நாற்பதாயிரத்துக்கு மேல். ஒரே தெருவில் இரண்டு குடும்பம் சேர்ந்தால் பாதியாகும்.

துணியை நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் நைலானை மெல்ல மெல்ல நலிய வைக்கும். மோதிரம், கொலுசு, ஜிப் வைத்த உடை எதுவும் துணிக்கு ஆகாது. முழங்கால் பின்புறமும் அக்குளும் மூடியிருக்கும் உடை வேண்டும். இல்லையென்றால் துணி உரசித் தோல் உரிந்துபோகும்.

5. பாடத்தைத் துணியோடு பொருத்துவது

பாடநூல்களை பி.டி.எஃப்.ஆகத் தமிழ்நாடு பாடநூல் கழகம் இலவசமாகவே தருகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலும் கணக்கும் இறக்கி வையுங்கள். எல்லாப் பாடத்தையும் துணியில் தேட வேண்டாம். ஒளியியலும் மின்னோட்டவியலும் துணியில் கிடையாது. கிடைப்பவை இவை, நான் நடத்திய வரிசையில்.

ஊசல். இதில் தொடங்குங்கள், ஏறவே தெரியாத பிள்ளையும் செய்யலாம். துணியின் கீழ் முனையில் முடிச்சுப் போட்டு உட்கார வைத்து, சிறு கோணத்தில் ஆட்டி, பத்து அலைவுக்கு நேரம் எடுங்கள். நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் (2π) பெருக்கினால் ஓர் அலைவு நேரம். மேலே மாட்டிய புள்ளியிலிருந்து உடலின் நடுப்பகுதி வரை 4 மீட்டர் என்றால் விடை 4 வினாடி. அப்புறம் திருப்பிக் கேளுங்கள்: ஓர் அலைவுக்கு 4.4 வினாடி ஆகிறதென்றால் நீளம் என்ன? ஏணி இல்லாமலே 4.8 மீட்டர் என்று பிள்ளை சொல்லிவிடும். எடை குறைந்த தம்பியை உட்கார வைத்துப் பாருங்கள், நேரம் மாறாது. அதே பிள்ளை எழுந்து நின்று ஆடினால் மாறும், ஏனென்றால் நீளம் குறைந்துவிட்டது. ‘எடை கூடினால் வேகமாக ஆடும்’ என்று மனதில் ஒட்டியிருப்பது அங்கேயே உதிர்ந்துவிடும். தனி ஊசல் பதினொன்றாம் வகுப்பில் ‘அலைவுகள்’ பாடத்தில் விரிவாக வருகிறது, ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே இது எட்டும். ஏற்காட்டில் ஆடினால் நேரம் மாறுமா என்று கேட்பார்கள். மாறும், ஆனால் நான்கு வினாடி அலைவில் ஆயிரத்தில் ஒரு வினாடிகூட வித்தியாசம் வராது. கைபேசியின் நிறுத்துக்கடிகாரத்தால் அதைப் பிடிக்க முடியாது என்பதும் ஒரு பாடமே.

சுற்றும் உராய்வும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. காலில் துணியை ஒன்றரைச் சுற்று சுற்றி நின்றால் பிள்ளை நழுவுவதில்லை. ஏன்? மாடிப்படியின் எவர்சில்வர் கைப்பிடியில் ஒரு பழைய துப்பட்டாவைப் போடுங்கள். ஒரு முனையில் 2 கிலோ அரிசிப் பை, மறு முனையில் வில் தராசு. பை கீழே இறங்காமல் இருக்க எவ்வளவு இழுக்க வேண்டும்? உராய்வுக் குணகம் (இரு பரப்புகள் எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்ற எண்) 0.3 என்று வைத்துக்கொண்டால், துணியை வெறுமனே மேலே போட்டிருக்கும்போது ஏறத்தாழ 780 கிராம். ஒரு சுற்று கூடுதலாகப் போட்டால் 118 கிராம். இன்னொன்றும் போட்டால் 18 கிராம். உங்கள் கைப்பிடியில் எண்கள் வேறாக வரும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே மடங்கில் குறைவதைப் பார்ப்பீர்கள். அதுதான் பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்தில் வரும் பெருக்குத் தொடர்வரிசை. என் மகள் பொது விகிதம் என்ற சொல்லை அன்றைக்குப் பிறகு மறக்கவில்லை.

முக்கோணவியல். ஹேமக் என்று ஒரு வகை உண்டு: துணியின் இரு முனையும் மேலே இருக்கும், நடுவில் பிள்ளை உட்காரும். இரு முனையையும் ஒரே புள்ளியில் மாட்டினால் ஒவ்வொரு பக்கமும் பாதி எடை. தள்ளித் தள்ளி மாட்டினால்? செங்குத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 45 டிகிரி சாய்ந்தால் எடையில் 0.71 பங்கு. 60 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் முழு எடை. 75 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எடையை, கோசைன் மதிப்பின் இரு மடங்கால் வகுத்தால் விடை. எதிரெதிர்ச் சுவர்களில் கொக்கி அடித்து ஹேமக் கட்டுவது ஏன் ஆபத்து என்று அப்பாவுக்குப் பிள்ளையே விளக்கும்.

இயக்க விதிகள். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம். கணத்தாக்கு (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கியது), திருப்புத்திறன் (விசையின் சுழற்றும் விளைவு), தோற்ற எடை (மேலும் கீழும் முடுக்கப்படும்போது உணரும் எடை) மூன்றும் இதில் உண்டு. பிள்ளை துணியை இடுப்பில் பூட்டிக் கிடைமட்டமாகக் கிடக்கும்போது காலை நீட்டினால் தலை மேலே போகும், மடக்கினால் கீழே வரும், இதுதான் திருப்புத்திறன். செய்முறைத் தேர்வில் திருப்புத்திறன் தத்துவத்தால் எடை காணும் சோதனை வருகிறது. அளவுகோலோடு செய்யும் அந்தச் சோதனை அப்புறம் புதிதாகத் தெரியாது. கணத்தாக்குக்குப் பிள்ளையைச் சரியச் சொல்லாதீர்கள். ஆசிரியர் சரியும்போது கைபேசியில் மெதுவேகப் படம் (ஸ்லோ மோஷன்) எடுங்கள். வினாடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) என்றால், 1 மீட்டர் தடையின்றி விழ 0.45 வினாடி, அதாவது 108 சட்டம். நிற்க எத்தனை சட்டம் ஆகிறது என்று எண்ணினால் விசையின் மதிப்பு கிடைக்கும். துணி கொஞ்சம் நீளும் தன்மையோடு இருப்பது ஏன் நல்லது என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

உயிரியல், புள்ளியியல். ஏறுமுன் நாடித்துடிப்பு, இறங்கி ஒரு நிமிடம் கழித்து நாடித்துடிப்பு. இரண்டு வாரம் எடுத்துவிட்டுச் சராசரியும் திட்ட விலக்கமும் போடச் சொல்லுங்கள். புத்தகத்து எண்களைவிடத் தன் சொந்த இதயத்தின் எண்களைப் பிள்ளை கவனமாகக் கூட்டும்.

தமிழ். ஓர் அசைவை, படம் போடாமல், பத்து வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘வலது காலை வெளிப்புறமாகச் சுற்றி’ என்பதற்கும் ‘உட்புறமாக’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் பூட்டுக்கும் நழுவலுக்கும் உள்ள வித்தியாசம். எழுதியதை இன்னொரு பிள்ளை தரைக்கு அருகில், ஆசிரியர் முன்னால் செய்து பார்க்கட்டும்.

6. நோட்டு

பயிற்சி முடிந்த அன்றே அரை மணி நேரம். மறுநாளுக்குத் தள்ளினால் எண்கள் மறந்துவிடும், பிறகு இது வெறும் பொழுதுபோக்காகிவிடும். ஒரு பக்கத்தில் நான்கு விஷயம்: என்ன செய்தேன், என்ன அளந்தேன் (அலகோடு), பாடநூலில் எந்தப் பக்கம், தேர்வில் இதை எப்படிக் கேட்பார்கள். நான்காவதை விட்டுவிடாதீர்கள். துணியில் புரிந்ததைத் தேர்வுத் தாளின் மொழியில் எழுதப் பழகாத பிள்ளைக்கு மதிப்பெண் வராது. வரையறையைப் பாடநூலில் உள்ளபடியே எழுதச் சொல்லி, அதற்குக் கீழே துணியிலிருந்து எடுத்துக்காட்டு எழுத வையுங்கள்.

அறிவியல் ஆசிரியரிடம் நோட்டை மாதம் ஒரு முறை காட்டுங்கள். ஆரம்பத்தில் தயங்கியவர்கூட உராய்வு அட்டவணையைப் பார்த்துவிட்டு அறிவியல் கண்காட்சிக்குக் கேட்டார். கண்காட்சிக்குக் கைப்பிடிச் சோதனையை மட்டும் கொண்டுபோங்கள், பள்ளிக் கூரையில் துணி கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

7. எப்போது எதை

தொடங்க ஏற்ற வகுப்பு எட்டு அல்லது ஒன்பது. தாள்களையும் பொறியாளரையும் ஏப்ரல், மே விடுமுறையில் முடித்துவிட்டால் ஜூனில் பள்ளியோடு சேர்ந்து தொடங்கலாம். கோடையில் மதியப் பயிற்சி வேண்டாம். வியர்த்த கையில் துணி நிற்காது. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஏற்காட்டுக்குப் பயிற்சி முகாம் என்று போனால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய அன்று தலைகீழ் எதுவும் கூடாது. மறுநாள் காலையிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலாண்டுத் தேர்வு வரை ஊசலும் சுற்றும். அரையாண்டு வரை முக்கோணவியலும் இயக்க விதிகளும். பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால், ஜனவரியிலிருந்து பொதுத்தேர்வு முடியும் வரை புதிய அசைவு எதுவும் வேண்டாம், சரிவுகள் அறவே வேண்டாம். மணிக்கட்டு சுளுக்கினால் எழுத முடியாது. வாரம் இரண்டு நாள் ஏறி இறங்குவதும் நீட்சிப் பயிற்சியும் போதும். முழுவதும் நிறுத்தினால் பிடிவலு போய்விடும், மே மாதத்தில் பழைய உயரத்துக்கு அவசரமாக ஏறப் பார்ப்பார்கள். தேர்வு முடிந்து துணியை மறுபடி இறக்கும் நாளில் காரபினர், ஸ்விவல், பட்டை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, நிறம் வெளுத்த இடம் தேடுங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.